பிளக் டப்பாவும் அக்காவின் பரீட்சையும்

சூடான எஞ்சினிலிருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக்குக்கு ஒரு வாசனை உண்டு. பெட்ரோலும் கரியும் தீய்ந்த எண்ணெயும் கலந்த அந்த வாசனை, எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரலிடுக்கை விட்டு ரெண்டு நாளைக்குப் போகாது. ஒன்பது வயதில், திருமுருகன்பூண்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில், அந்த வாசனையோடு நான் செய்த காரியம் மட்டும் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

எங்கள் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், ஊரில் காதர்பேட்டைக்குப் பின்னால், பனியன் துணி பின்னுகிற நாலு நிட்டிங் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அடுத்தபடியாக அவர் உயிரை வைத்திருந்தது, ரெண்டு பேர் ஓட்டிச் சலித்தபின் வாங்கிய ஒரு பழைய சின்னக் காரின் மேல். அக்கா ஜமீலா மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதக் கோயமுத்தூர் போகவேண்டிய நாளன்று, "என்ற புள்ள பஸ்ஸுல தொங்கீட்டுப் போயி டாக்டராக வேண்டியதில்ல" என்று சொல்லிக் காரைத்தான் எடுத்தார். நான் அழுது புரண்டு பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். பத்து மணிக்குத் தேர்வு. எட்டு மணிக்குக் கிளம்பினோம், தாராளமாகப் போய்விடலாம் என்று.

பூண்டி தாண்டியதும் கார் இருமியது, குலுங்கியது, அப்படியே நின்றுபோனது. சாமி சிலை கொத்துகிற பட்டறைகளின் உளிச்சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தா பானெட்டைத் திறந்து, நாலு பிளக்கையும் கழற்றிப் பழைய பேப்பரில் வரிசையாக வைத்தார். மூன்றுக்கு ஒன்றும் கேடில்லை. நாலாவது மட்டும் எண்ணெயில் நனைந்து, கரியப்பி, முனை தேய்ந்து செத்துக் கிடந்தது. டிக்கியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். அதில் அட்டைப் பெட்டி பிரிக்காத புது பிளக் ஒன்றும், வருஷக்கணக்கில் கழற்றிச் சேர்த்துவைத்த பழைய பிளக்குகள் பத்துப் பதினைந்தும் இருந்தன.

"புதுசையே போட்ருங்க அத்தா" என்றாள் அக்கா.

அத்தா புதுசை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப டப்பாவிலேயே வைத்தார். "மூணு பழசுக்கு நடுவால ஒண்ணு மட்டும் புதுசு போட்டா ஒத்துப் போகாது கண்ணு. கோடு வுழுந்துரும்."

நிட்டிங் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். தேய்ந்த ஊசிகளுக்கு நடுவே ஒரேயொரு புது ஊசியைப் போட்டால் துணி நெடுக மெல்லியதாக ஒரு "கோடு" ஓடும், ரோல் ரோலாகத் துணி வீணாகும். அதனால் அதே அளவு தேய்ந்த ஊசியாகத் தேடிப் போடுவார்கள். மெஷினுக்கு அது சரிதான். காருக்கு எங்கே கோடு விழும், ரோட்டிலா? அப்படிக் கேட்கிற தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. பழைய பிளக்குகளைக் கழற்றியதே உதவாது என்றுதானே என்று கேட்கவும் ஆளில்லை.

"உனக்குத்தான் கண்ணு கூர்மை. இதுக மூணுக்கும் ஒத்தாப்புல ஒண்ணு பொறுக்கு" என்று என்னிடம் சொன்னார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்ணில் குந்திக்கொண்டு, கரியின் நிறம் பார்த்து, முனைத் தேய்மானம் பார்த்து, ஜோடி சேர்ப்பதுபோல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அத்தா அதை எமரி பேப்பரில் தேய்த்து, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து மாட்டினார். எஞ்சின் முனகிவிட்டு அடங்கியது. இன்னொன்று பொறுக்கினேன். அதுவும் அப்படியே. கோயமுத்தூர் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

"நான் பஸ்ஸுல போயிர்றனுங்க அத்தா."

"ரெண்டே நிமிசம் கண்ணு."

அடுத்த பஸ்ஸும் போனது. மூன்றாவது பிளக்கும் பிடிக்காமல் போனபோது அக்கா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கையிலிருந்த ஹால் டிக்கெட் வியர்வையில் சுருண்டிருந்தது. அவள் அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் நாலாவதைத் தேடிக்கொண்டிருந்தேன், அத்தா என்னை நம்பிக் கேட்கிறாரே என்ற பெருமையில். அந்தப் பெருமைக்காக நான் என்னை மன்னித்ததே இல்லை.

கடைசியில் அக்காவே குனிந்து, அட்டைப் பெட்டியைக் கிழித்துப் புது பிளக்கை அத்தாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "போடுங்க" என்றாள். அந்தக் குரலில் அவள் அவரிடம் பேசி நான் கேட்டதில்லை. அத்தா மறுபேச்சில்லாமல் வாங்கி மாட்டினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது, வெண்ணெய் மாதிரி ஓடியது. யாருக்கும் சந்தோஷமில்லை. மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

தேர்வு நடக்கிற கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தேகால் கடந்துவிட்டது. "பத்துக்கே கேட்டச் சாத்தியாச்சுங்க. நானென்னங்க பண்றது?" என்றார் வாட்ச்மேன். யாரிடமும் தலைவணங்காத அத்தா, அவருடைய ரெண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அக்கா காரைவிட்டு இறங்கவே இல்லை. "ஊட்டுக்குப் போலாமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம் என்றார் அத்தா. அடுத்த வருஷம் வருவதற்குள் கல்யாணம் வந்துவிட்டது.

இப்போது அந்தக் கார் இல்லை. மெஷின்கள் ஓடிய கட்டடத்தில் வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். எண்பது தாண்டிய அத்தா அக்காவின் வீட்டில் இருக்கிறார். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, அந்தக் காலைப்பொழுதும் அவரைவிட்டுப் போய்விட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும், "மூத்த புள்ள டாக்டருங்க. நாந்தான் காருல கூட்டீட்டுப் போயி பரீச்ச எழுத வெச்சனுங்க" என்கிறார்.

முதல்தடவை அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையை அழுத்திவிட்டு, வந்தவரிடம் "ஆமாங்க" என்றாள். அத்தா தன் மெலிந்த கையை அவளிடம் நீட்டினார். அக்கா அவர் மணிக்கட்டில் விரல்வைத்துப் பார்த்தாள்.

"நாடி நல்லா இருக்குதுங்க அத்தா" என்றாள்.