படியில் வைத்த கால்

பெல்மதுளைச் சந்தியில் காலை மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. இரத்தினபுரி போகும் தனியார் பஸ்ஸில் இருக்கிறேன். இன்ஜின் உறுமுகிறது, பஸ் நகரவில்லை. காரணம் ஓர் அம்மா. ஒரு காலைப் படியிலும் மறு காலை ரோட்டிலும் வைத்து, கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார்.

"நகின்ன அக்கே, யமு!" என்று கண்டக்டர் சிங்களத்தில் அவசரப்படுத்துகிறார்.

எனக்கும் இரத்தினபுரியில் கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "ஏறுங்கக்கா, நேரமாச்சு" என்கிறேன்.

"நான் வரலைங்க, இங்க கடையிலதான் வேலை. எம் மக கஹவத்தை பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கா. குருவிட்டையில அவளுக்கு இன்டர்வியூ. அந்த பஸ் வர்றதுக்குள்ள இது போயிருது. தெனமும் இதே கததான்."

"போன் பண்ணிப் பாருங்க."

"பண்ணிட்டேங்க. கிட்ட வந்துட்டாளாம்."

பின்னால் ஹாரன் அலறுகிறது. யாரோ திட்டுகிறார்கள். டிரைவர் பஸ்ஸை மெல்ல நகர்த்துகிறார். அம்மாவும் ஒற்றைக் காலில் தத்தித் தத்திக் கூடவே வருகிறார், படியில் வைத்த காலை எடுக்கவில்லை. நான் கடிகாரத்தை விட்டுவிட்டு ரோட்டைப் பார்க்கிறேன்.

கஹவத்தை பஸ் நிற்கும் முன்பே ஒரு பெண் குதித்து ஓடி வருகிறாள். அம்மா அவளை உள்ளே தள்ளிவிட்டுக் காலை எடுக்கிறார். பஸ் பறக்கிறது. கையசைக்கக்கூட இருவருக்கும் நேரமில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தவள் மூச்சு வாங்கியபடி என்னிடம் கேட்கிறாள்: "இரத்தினபுரியில குருவிட்டை பஸ் எங்கங்க நிக்கும்?"

"ஸ்டாண்டுல அந்தக் கோடியில. ஓடணும்."

அவள் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறாள்.