ஏகமனதாக ஒரு பிரதமர்

எங்கள் வீட்டு ஆண்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டால் பதில் வராது, கூட்டம்தான் வரும். பெரியப்பா இப்போது கனடாவில் இருக்கிறார், அப்பா சுன்னாகத்தில் இருக்கிறார். ஆனாலும் ஞாயிறு தவறாமல் வாட்ஸப்பில் முகம் பார்த்துச் சண்டை பிடிக்கிறார்கள். மக்கள் சில பேரைத் தெரிவுசெய்து, அந்தச் சில பேர் கூடித் தலைவரைத் தெரிவுசெய்தால் அது ஜனநாயகமா, இல்லையா? அப்பா ஓம் என்பார். பெரியப்பா, அது குடியரசாக இருக்கலாம், ஜனநாயகம் கிடையாது என்பார். இந்தச் சண்டையை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்தான். அந்தப் பாவத்தை இன்றுவரை அனுபவிக்கிறேன்.

நான் தரம் எட்டில் படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாணவர் பாராளுமன்றம் வந்தது. வகுப்புக்கு ஓர் உறுப்பினர். உறுப்பினர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைப் பிரதமராக்குவார்கள். எங்கள் வகுப்பு என்னை அனுப்பியது. என் கெட்டித்தனத்தைப் பார்த்து அல்ல. உயர்தர வகுப்பு அக்கா ஒருவர்தான் பிரதமராக வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த அக்காவின் சைக்கிள் கரியரில் தினமும் பள்ளிக்கூடம் வருபவள் நான். நான் எழுந்து அக்காவின் பெயரை முன்மொழிய வேண்டும், அவ்வளவுதான் வேலை. என் தலையில் கை வைத்துச் சத்தியம்கூட வாங்கிக்கொண்டார்கள்.

அக்காவின் குடும்பம் காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முடிகிற இடத்தில் இருந்த முகாமில் பல வருடங்களாக இருந்தது. இடைவேளைகளில் வகுப்பு வகுப்பாக வந்து அவர் ஒரே விஷயத்தைத்தான் பேசினார். எங்கள் பள்ளிக்கூட மலசலகூடத்தில் தண்ணீர் வருவதில்லை. அந்தப் பக்கம் போக நேரக்கூடாது என்று காலையிலிருந்து ஒரு மிடறும் குடிக்காமல் இருந்து, தலையிடியோடு வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் நாங்கள்.

"நான் வந்தால் தண்ணி வரும். வராட்டி வாளியோடை பள்ளிக்கூட அதிபரின்ரை அறைக் கதவடியிலை போய் நிப்பன்," என்றார் அக்கா. முகாமில் வாளியோடு வரிசையில் நின்று பழகியவர். ஆகவே நாங்கள் நம்பினோம்.

தெரிவு நாளன்று காலை பொறுப்பு ரீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிரதமர் வெளியூர்க் கூட்டங்களுக்கெல்லாம் போக வேண்டுமாம். கூட்டிக்கொண்டு போக வீட்டில் வாகனம் இருக்க வேண்டுமாம். போட்டி என்று வந்தால் பள்ளிக்கூடத்துக்கு அழகில்லையாம். அதனால், உறுப்பினர்களில் காரில் வந்திறங்குபவளான டொக்டரின் மகளின் பெயரை ஒரு பிள்ளை முன்மொழியும்.

"நீர் எழும்பி வழிமொழியும். உம்மடை பேர் கூட்டக் குறிப்பிலை வரும்," என்றார்.

எங்கள் ஊரில் கூட்டம் என்றால் இப்படித்தான். சனசமூக நிலையமாகட்டும், கோயில் சபையாகட்டும், முடிவை முதல் நாளே யாராவது எடுத்துவிடுவார்கள். மறுநாள் ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, 'ஏகமனதாக' என்று குறிப்பில் எழுதிவிட்டு வடை சாப்பிடுவார்கள். எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பெரியப்பா ஆண்டாண்டாகச் செயலாளராக இருந்ததும் இந்த வழியில்தான். கூட்டத்துக்குக் கூட்டம் அவரோடு போய் வடை சாப்பிட்ட எனக்கு, வழிமொழிவது என்பது நன்றியுரை சொல்வதுபோல ஒரு மரியாதை என்றே பட்டது. டொக்டரின் மகளை வழிமொழிந்து பெயர் வாங்கிவிட்டு, அடுத்ததாக அக்காவை முன்மொழியலாம் என்று கணக்குப் போட்ட மொக்கு நான்.

முன்மொழிகிற பிள்ளை முன்மொழிந்தாள். நான் எழுந்து, பேச்சுப் போட்டிக்குப் பழக்கிய குரலில், "நான் இதனை வழிமொழிகிறேன்" என்றேன். ரீச்சர் புன்னகைத்தார். அடுத்த பெயரைக் கேட்பார் என்று நான் உட்காராமல் நின்றேன். அவர் கேட்கவில்லை. எல்லோருக்கும் சம்மதம்தானே, கையை உயர்த்துங்கள் என்றார். கைகள் உயர்ந்தன. திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் இருந்த அக்காவும் கையை உயர்த்தியிருந்தார். ரீச்சர் ஏகமனதாக என்று எழுதினார்.

வகுப்புக்குப் போனதும் என்னைப் பிய்த்து எடுத்தார்கள். "உன்னை அனுப்பினது உன்ரை விருப்பத்துக்கோ, எங்கடை விருப்பத்துக்கோ?" என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். அக்காவே கையை உயர்த்தினாரே என்றேன். "நீ எழும்பிச் சொன்னாப் பிறகு அவா வேறை என்ன செய்யிறது?" என்றாள். அதன் பிறகு அன்று முழுவதும் என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. குற்றம் என்னிடம் இல்லை, அந்த முறையில்தான் இருக்கிறது என்று யாராவது பெரியவர்கள் சொல்லவேண்டும் போலிருந்தது. பின்னேரம் தேநீர் நேரத்தில் அப்பாவிடமும் பெரியப்பாவிடமும் கேட்டேன். நாங்கள் தெரிவுசெய்த ஆட்கள், நாங்கள் கேட்காத ஒருவரைத் தெரிவுசெய்தால் அது ஜனநாயகமா?

கேட்டிருக்கக் கூடாது. அப்பா இந்தியாவின் ஜனாதிபதியை இழுத்தார். பெரியப்பா அமெரிக்காவுக்குப் போனார், அங்கிருந்து ரோமாபுரிக்குப் போனார். மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்யாத எவனும் மக்களின் ஆள் அல்ல என்று மேசையில் குத்தினார். ஒரு தேர்தலையும் காணாத செயலாளர் பேசுகிற பேச்சு! தேநீர் ஆறி ஆடை படிந்தது. எந்தப் பள்ளிக்கூடம், யார் பிரதமர், நான் என்ன செய்தேன் என்று இரண்டு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாதான் கேட்டார். "நீ ஆரை வழிமொழிஞ்சனி?"

சொன்னேன். அம்மாவின் கை நின்றது. "நாளைக்கு விடிய அந்தப் பிள்ளையிட்டை மன்னிப்புக் கேள்," என்றுவிட்டு மறுபடி துருவத் தொடங்கினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நாட்டையே ஆளுகிற ஒரு பெரிய கேள்வியை நான் கேட்கிறேன், இந்த அம்மா மன்னிப்பைப் பற்றிக் கதைக்கிறாரே!

மறுநாள் அக்கா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வழக்கமான நேரத்துக்குப் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. மன்னிப்பை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு கரியரில் ஏறினேன். அக்கா மிதித்து, ஒழுங்கை தாண்டி ரோட்டில் ஏறினார். பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"நேற்று நல்ல சத்தமாச் சொன்னனி. கடைசி வரிசைக்கும் வடிவாக் கேட்டது."

அப்பாடா என்றிருந்தது. அக்காவுக்குக் கோபமே இல்லை, என் குரலைக்கூடப் பாராட்டுகிறார், அம்மாவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை என்று நினைத்தேன். கேட்க வைத்திருந்த மன்னிப்பை விட்டுவிட்டு, பள்ளிக்கூடம் வரும்வரை சந்தோஷமாகக் காலை ஆட்டிக்கொண்டு போனேன்.