கணுக்கால் வரை ஒரு வேட்டி

குடவாசல் பேருந்துக்காக நானும், கல்யாணமாகி நான்கு நாளே ஆன என் மனைவி செல்வியும் நின்றிருந்தோம். அப்பா வரவில்லை. "எட்டு முழத்தக் கணுக்கால் வரைக்கும் கட்டிக்கிட்டு வர்றவன்கூட நான் வரலடா" என்றுவிட்டார். எங்கள் தெரு ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்கினால் அடி விழும். ஆட்சி மாறியும் அது மாறவில்லை.

டீக்கடை பெஞ்சில் முன்பின் தெரியாத மூன்று மிராசுதாரர்கள்.

"எந்தத் தெருடா நீ?"

சொன்னேன்.

"அப்ப ஏன்டா வேட்டியால ரோட்டக் கூட்டுற? தூக்கிக் கட்டுடா!"

எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சொல்ல எத்தனையோ பதில் இருந்தது. ஆனால் என் கை தானாகவே வேட்டிக் கரையைப் பிடித்துவிட்டது.

அதுவரை என்னிடமே நாலு வார்த்தை பேசாத செல்வி பணிவாகக் கேட்டாள்: "பெரியவங்க முன்னால வேட்டிய மடிச்சுக் கட்டுனா மரியாத இல்லம்பாங்களே. உங்களுக்கு மரியாத வேணாங்களாய்யா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மரியாதை வேண்டாமென்று அவர்கள் வாயால் எப்படிச் சொல்வார்கள்? டீ ஆற்றியவர் சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டார்.

கரையை விட்டேன். இவ்வளவு துணிச்சல் இத்தனை மெல்லிய குரலில் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்றுதான் அவளை முதன்முதலாகப் பார்த்தேன் என்று இன்றும் தோன்றுகிறது.

பேருந்து வரும்வரை கல்யாண வேட்டி மழைச்சேற்றில் புரண்டது. நான் தூக்கவில்லை. எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, அதைத் துவைத்த அரைக் கட்டிச் சவுக்காரம்.