முத்திரை ஒட்டாத நோட்டீஸ்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பிரித்தானியப் பாராளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றேன். வெல்வேன் என்று நினைக்க எனக்கொன்றும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை. என் தம்பியின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். அப்பீலும் தோற்றால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் தெருவுக்கே அது தெரியாது. வேட்பாளர் என்றால் தொகுதியின் எல்லா வாக்காளருக்கும் ஒரு நோட்டீஸை அரசாங்கச் செலவில் தபாலில் அனுப்பலாம் என்று அறிந்த அன்றே நிற்பதென்று முடிவெடுத்தேன்.

அச்சுச் செலவை அப்டன் பார்க்கில் புடவைக்கடை வைத்திருந்த அண்ணை ஏற்றுக்கொண்டார். கோயில் திருவிழாவோ நாடகமோ, எங்கள் ஆட்களின் நோட்டீஸ் எதுவும் அடியில் ஓர் 'உபயம்' இல்லாமல் வெளிவந்ததில்லை. இதிலும் போட்டோம்: 'கூறைப் பட்டுக்கு எங்களை நாடுங்கள்.' கடையின் பெயர் என் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. எங்கள் இருவருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

அனுப்புமுன் மாதிரியைத் தபால் அதிகாரியிடம் காட்டி அனுமதி பெற வேண்டும். அவர் படித்துவிட்டு, இலவசத் தபாலில் தேர்தல் விஷயம் மட்டும்தான் போகலாம், சேலை விளம்பரத்தை எடுங்கள் என்றார். சரி, நியாயம்தான். பிறகு அவர் விரல் தம்பியின் கதைமேல் வந்து நின்றது. இது குடும்ப விஷயமல்லவா என்றார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நானும் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள். கத்துகிறவர்களுக்கு அங்கே என்ன மரியாதை கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

"இவனைத் திருப்பி அனுப்பும் சட்டத்தை ஆக்குவது யார்?" என்று கேட்டேன்.

"பாராளுமன்றம்."

"நான் எங்கே போக வாக்குக் கேட்கிறேன்?"

அவர் நோட்டீஸை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளி, அப்படியானால் அதையே எழுதுங்கள் என்றார். 'இந்தச் சட்டத்தை மாற்ற எனக்கு வாக்களியுங்கள்' என்று தம்பியின் கதைக்குக் கீழே எழுதினேன். அனுமதி கிடைத்தது. வீடு வரைக்கும் தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

அண்ணைக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

"காசு குடுக்கிறவன்ர பேரைப் போட ஏலாதோ? இதென்ன நியாயம் தங்கச்சி?"

"தபாலுக்குக் காசு குடுக்கிறது அரசாங்கம், அண்ணை. அவையே தங்கட பேரைப் போடச் சொல்லேல்லை."

"அப்ப சரி," என்றார் கொஞ்சம் யோசித்து. "கடைக் கண்ணாடியில ஒட்ட எனக்கு ஒண்டு தாங்கோ."

தேர்தலில் நிற்பதற்காகக் கட்டிய கட்டுப்பணம் போனது. தம்பி போகவில்லை.

வாக்களிப்புக்கு முந்திய சனிக்கிழமை எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் எங்கள் கதவைத் தட்டினார். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து ஒரு 'ஹலோ' கூடச் சொல்லாதவர். கையில் என் நோட்டீஸ். உங்களுக்கு வாக்குப் போடமாட்டேன், என் கட்சி வேறு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு, அப்பீல் எப்போது, பையனைத் தெரியும் என்று அங்கே வந்து சொல்ல அக்கம்பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

"எங்களை யாருக்கும் தெரியாதே," என்றேன்.

அவர் எனக்குப் பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தார். வாசலில் வரிசையாகக் கிடந்த எங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, தன் சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.