வலது பக்கம் வைத்த தகடு

எனக்கு வாய் நீளம். மட்டாஞ்சேரியில எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. தையல்காரர்கிட்ட, கறிக்கடையில, வீட்டுக்கு ஓடு மாத்த வந்தவங்ககிட்ட, எங்கேயும் நான் பக்கத்துல நின்னு பார்த்தாத்தான் வேலை ஒழுங்கா நடக்கும்னு ஒரு நெனப்பு. "இவ போய் நின்னா ஆணி தானா உள்ள இறங்கும்"னு எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். அதுல எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அவர்கிட்ட ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்துச்சு. இடக்கொச்சியில மீனும் ஐஸும் ஏத்திக்கிட்டு இடப்பள்ளி வரைக்கும் போவார். ஐஸ் உருகி உப்புத் தண்ணி அடியில இறங்கி இறங்கி, வண்டியையே தாங்குற நீள இரும்பு, சேசிஸ்னு சொல்லுவாங்களே, அது அங்கங்கே அரிச்சுப்போச்சு. ஸ்க்ரூ டிரைவரால குத்தினா சில இடத்துல உள்ளேயே போயிரும்.

அப்பத்தான் அவருக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சு. நாலு மாசம் வீட்டோட கிடந்தார். ஜன்னல்கிட்ட நாற்காலியைப் போட்டு, வெளியில நிக்கிற வண்டியையே பார்த்துக்கிட்டு இருப்பார். வெச்ச சாயா ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கும். "நீங்க அந்த வண்டியையே கட்டியிருக்கலாம், என்னை எதுக்குக் கட்டினீங்க?"ன்னு சண்டைக்கு இழுப்பேன். சிரிக்கக்கூட மாட்டார். அவ்வளவு பேசின மனுஷன் இப்படி ஊமையா உக்காந்திருந்தா எனக்குத் தாங்கலை. எப்படியாவது அவர் மறுபடி ஸ்டியரிங் பிடிக்கணும், அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.

கடைசியில டாக்டர் வண்டி ஓட்டலாம்னு சீட்டுல எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில இருந்து வந்த கையோட, சோறுகூடத் தின்னாம, வண்டிக்கு அடியில தலையை விட்டுட்டார். "ஆபரேஷன் பண்ணின உடம்பு, அறிவிருக்கா உங்களுக்கு?"ன்னு கத்தினேன். கை ரெண்டும் கறுப்பா கிரீஸோட வெளியில வந்து சிரிச்சார். எத்தனை மாசம் கழிச்சுப் பார்க்கிற சிரிப்பு! அதுக்கு மேல எனக்குத் திட்ட வரலை.

ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டிக்கு பிட்னஸ் சர்டிபிகேட் புதுப்பிக்கணும். அரிச்ச சேசிஸோட போனா வாசல்லயே திருப்பி விட்டுருவாங்க. வெல்டிங் புகை இவர் நெஞ்சுக்கு ஆகாது. "நீங்க வீட்டுல கிடங்க, நான் பார்த்துக்கறேன்"னு நானே கிளம்பிட்டேன். வெல்டர் இடக்கொச்சிக்காரர், மலையாளி, நல்ல மனுஷன். ரெண்டாம் நாளே வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார். பட்டறையில முதல்ல பேட்டரியைக் கழட்டினார், டீசல் டேங்க் மேல நனைஞ்ச சாக்கைப் போட்டார். அப்புறம் சின்னச் சுத்தியலால சேசிஸை நெடுகத் தட்டிக்கிட்டே போனார். நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், செத்த இரும்பு பொத்துன்னு கேக்கும். செத்த இடத்தை எல்லாம் வெட்டி எடுத்துட்டுக் கனத்த தகடு வெச்சுப் பத்தவெச்சார். நானும் ஒரு ஸ்டூலைப் போட்டு நாள் முழுக்க அங்கேயே உக்காந்துட்டேன்.

வேலை முடியற நேரம். வலது பக்கம், முன் சக்கரத்துக்குப் பின்னால, ஒரு முழம் நீளத்துக்குக் கறுப்பா கிரீஸ் அப்பியிருந்தது என் கண்ணுல பட்டுச்சு. இவர்தான் ஓட்டையை மறைக்கப் பூசி வெச்சிருக்கார்னு தோணிடுச்சு. "இங்கேயும் ஒரு தகடு வைங்க"ன்னேன்.

அவர் தட்டிப் பார்த்தார். "இத்தா, அவிடெ வேண்டா. நல்ல இரும்பாணு." அக்கா, அங்க வேணாம், நல்ல இரும்புதான்னார்.

"நீங்க தட்டினது போதும். நாளைக்கு என் வீட்டுக்காரர் நடுரோட்டுல கிடந்தா நீங்களா வருவீங்க? வைங்கன்னா வைங்க."

எத்தனை பேர்கிட்ட இப்படிப் பேசி ஜெயிச்சவ நான்! பாவம், அவரும் அலுத்துப்போய், கிரீஸைத் துடைச்ச துடைப்புல கிரைண்டரைப் போட்டு இரும்பு பளபளன்னு ஆகற வரைக்கும் தேய்ச்சார். மேல தகட்டை வெச்சு நாலு பக்கமும் பத்தவெச்சார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

பிட்னஸுக்கு நானும் கூடப் போனேன். வண்டியைச் சுத்திப் பார்த்த ஆபீசர், வேலை நல்லாயிருக்குன்னுதான் சொன்னார். அப்புறம் சேசிஸ் நம்பரைக் கேட்டார். அது இரும்புலயே குத்தியிருக்கும். மேல மெல்லிசுக் காகிதத்தை வெச்சுப் பென்சிலால தேய்ச்சா எழுத்து வெள்ளையாத் தெளியும். ஆபீசர் கண்ணு முன்னால தேய்ச்ச அந்தக் காகிதத்தை பைலோட வெக்கணும். எங்க வீட்டுக்காரர் காகிதத்தோட வலது பக்கம் குனிஞ்சார். நம்பர் இருக்க வேண்டிய இடத்துல தகடு. என் தகட்டு மேல காகிதத்தை வெச்சு மெதுவாத் தேய்ச்சார். சாம்பல் நிறம்தான் வந்துச்சு. விடாம இன்னொரு தடவை தேய்ச்சார்.

பட்டறைக்குத் திரும்பிப் போய்த் தகட்டை வெட்டி எடுத்தோம். அடியில இரும்பு கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்துச்சு. ஒரு எழுத்தைக் காணோம். கிரைண்டர் போட்டுத் தேய்ச்சது என் கண்ணு முன்னால வந்துச்சு. வெல்டர் வாயைத் திறக்கப் போனார். இவர் கையைக் காட்டி நிறுத்திட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற? அது முன்னாலேயே போச்சு. உப்புத் தண்ணி தின்னுருச்சு. நான்தான் கவனிக்கலை."

அந்த நிமிஷம் என் நெஞ்சுல இருந்து பாறாங்கல் இறங்குச்சு. இறங்கினதும் நான் என்ன பண்ணினேன்? அவர் மேல பாய்ஞ்சேன். "பொழப்பு தர்ற வண்டி, ஒரு நம்பரைக் காப்பாத்தத் தெரியலையா உங்களுக்கு?" வெல்டர் முன்னாடியே கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

புதுசா நம்பர் குத்த வழி உண்டாம். அதுக்கு மனு, விசாரணைன்னு மாசக்கணக்குல அலையணும். ரெண்டு தடவை அந்த ஆபீஸ் மாடிப்படி ஏறினதுலயே அவருக்கு மூச்சு வாங்கிச்சு. போதும்னுட்டார். களமசேரிப் பக்கம் ஒரு பழைய இரும்புக்காரர் வந்து வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போனார். நாற்காலி மட்டும் ஜன்னல்கிட்டயே கிடந்துச்சு, அவரும் அதுலயே கிடந்தார். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் நான் சொல்லுவேன், "நம்பர் அரிச்சுப்போற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்திருக்காரு, கேட்டீங்களா கூத்தை?" அவர் காதுல விழத்தான் சொல்லுவேன். "ஆமா, கவனிக்கலை"ன்னுவார்.

ஒரு வருஷம்கூட ஓடலை. கடைசியில ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நான் ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா பொருந்திக்க"ன்னார். போகப்போறவங்க அப்படி மன்னிப்புக் கேக்கறது எங்க வழக்கம். நான் அழுதுக்கிட்டே, ரொம்பப் பெரிய மனசு எனக்கு, "எல்லாம் பொருந்திக்கிட்டேன், அந்த வண்டி விஷயத்தையும் சேர்த்துப் பொருந்திக்கிட்டேன்"னேன்.

நாற்பதாம் நாள் கழிஞ்சு அவரோட பைலைப் பிரிச்சேன். வண்டி ஓட்டலாம்னு டாக்டர் எழுதின சீட்டு இருந்துச்சு. திருப்பினா, பின்னால பென்சில் தேய்ப்பு. பதினேழு எழுத்தும் ஒண்ணு விடாம வெள்ளையா நிக்குது. ஓரத்துல கிரீஸ் கைரேகை. அன்னிக்கு வண்டிக்கு அடியில போனது இதுக்குத்தான். எழுத்து தெளியுதான்னு தேய்ச்சுப் பார்த்துட்டு, நம்பர் துருப்பிடிக்கக் கூடாதுன்னு மேல கிரீஸைப் பூசி மூடி வெச்சிருக்கார். ரெண்டு நாள்ல நான் போய் அதைத் துடைச்சு, நம்பரையும் சேர்த்துத் தேய்க்க வெச்சேன்.

வண்டி விஷயத்தையும் சேர்த்துன்னு நான் சொன்னேனே. அதுக்கும் சரின்னு தலையாட்டிட்டுப் போனாரே அந்த மனுஷன்.