குரல் தாழ்ந்த சாட்சி

சாந்தோம் குப்பத்தின் வடக்கு முனையில் ஓர் இரும்புக் குழாய் நிற்கிறது. இடுப்புயரம் இருக்கும். தலைப்பக்கம் துருவேறி, திருகு காணாமல் போய் எத்தனையோ காலமாகிறது. இப்போது குப்பத்துக்குத் தண்ணீர் லாரியில்தான் வருகிறது. குழாயில் யாராவது வலையின் ஒரு முனையைக் கட்டிக் காயப்போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலின் பின்வழியாக இறங்கி, மணலில் கால் புதைய நடந்து, அந்தக் குழாயை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன். என் முழங்கால் இருக்கிற இருப்புக்கு இது வேண்டாத வேலைதான். ஆனால் என் அப்பாவுக்குக் கிடைக்காமல் போன பதவி உயர்வு அந்தக் குழாய்க்குள் இருக்கிறது. அதைப் பார்க்க நான் போகாமல் வேறு யார் போவார்கள்?

அப்பா சர்க்காரில் உதவி என்ஜினியராக இருந்தார். கோயில் பாடகர் குழுவில் கனத்த குரல் அவருடையது. பேச்சும் அப்படித்தான். அவர் வீட்டுக்குள் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டுக்காரர் அதற்கு யோசனை சொல்ல வந்துவிடுவார் என்று அம்மா கேலி செய்வாள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது, மீன்தான். மீன் கொண்டுவருகிறவள் அந்தக் குப்பத்துக்காரி. எப்போதும் தாமதமாகத்தான் வருவாள். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். “இன்னாமா பண்றது, தண்ணிக்கு நின்னுக்கினு இருந்தேன். அந்தக் கோடிக்குப் போயில்ல புடிக்கணும்” என்று அவள் கூடையை இறக்குவாள். அப்பா காபியைக் குடித்துக்கொண்டே வாராவாரம் இதைக் கேட்டார். அது தனக்கு வந்த சேதி என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

சுதந்திரம் வந்த மறுவருஷம் சட்டசபை அலுவலகத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. சபை ஒதுக்கிக் கொடுத்த பணத்தை இலாகாக்கள் சொன்ன காரியத்துக்குத்தான் செலவழித்தனவா என்று விசாரிப்பதற்கு அங்கத்தினர்களின் கமிட்டி ஒன்று உண்டு. இலாகா தலைவர்கள் தங்கள் அதிகாரிகளோடு வந்து பதில் சொல்வார்கள். எங்கள் அலுவலக ரிப்போர்ட்டர் சார் அதைச் சுருக்கெழுத்தில் எடுத்துவந்து எனக்கு வாசிப்பார், நான் டைப் அடிப்பேன். பிறகு அந்தப் பிரதி, சாட்சி சொன்னவருக்கே திருத்தத்துக்குப் போகும். பிழை இருந்தால் திருத்தலாம், சொன்ன விஷயத்தை மாற்றக் கூடாது என்பது விதி. விதி கிடக்கட்டும். அறையில் “இல்லை” என்றவர், திருத்தத்தில் “இருக்கக்கூடும்” என்பார். “தெரியாது” என்றது “கோப்பைப் பார்த்துச் சொல்கிறேன்” என்று ஆகிவிடும். இங்கிருந்து இட்லியாகப் போவது உப்புமாவாகத் திரும்பி வரும் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

கமிட்டியில் மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் இருந்தார். மீன் வாசனை வந்தால் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிற மனிதர். ஆனால் காலையில் கடற்கரைக்கு நடக்கப் போகும்போது இலாகா அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு போவார். காகிதத்தில் இருப்பது மண்ணிலும் இருக்கிறதா என்று பார்ப்பதில் அவருக்கு அவ்வளவு ருசி. சாந்தோம் குப்பத்தில் மூன்று குழாய் போட்டாயிற்று என்று அறிக்கை சொன்னது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டே குப்பம் முழுக்க நடந்து எண்ணிப் பார்த்தார். இரண்டுதான் இருந்தது.

இதில் யாரும் திருடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். யுத்தம் முடிந்தும் இரும்புக் குழாய்க்குத் தட்டுப்பாடு தீரவில்லை. மார்ச் முடிவதற்குள் வேலை ஆனதாகக் காட்டாவிட்டால் ஒதுக்கிய பணம் கஜானாவுக்கே திரும்பிவிடும், மறுபடி கேட்டு வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அதனால் மார்ச் கடைசி வாரத்தில் பாதி வேலைகள் காகிதத்தில் முடிந்துவிடும். மீதியை ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்பது எல்லா இலாகாவிலும் இருந்த பழக்கம். ஓவர்சியர் சான்றிதழை நீட்டினார், அப்பா கையெழுத்துப் போட்டார். எங்கள் வீட்டிலிருந்து அந்த இடத்துக்கு ஐந்து நிமிஷ நடைகூட இல்லை. ஏப்ரல் வந்தது, போயிற்று. ஓவர்சியருக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. குழாய் வரவில்லை.

கமிட்டி கூடிய அன்று அப்பா இலாகா தலைவருக்குப் பின்வரிசையில் கோப்போடு உட்கார்ந்திருக்கிறார். தலைவர் மூன்று குழாயும் இருக்கிறது என்று சாதிக்கிறார். நான் அறையில் இல்லை; சாயங்காலம் ரிப்போர்ட்டர் சார் வாசிக்க வாசிக்க டைப் அடித்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. அதுவரை நடந்ததெல்லாம் இங்கிலீஷில். திடீரென்று வக்கீல் தமிழுக்கு மாறி, சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டிருக்கிறார். அப்பா எழுந்து நின்றிருக்கிறார்.

“நீங்க நேர்ல போய்ப் பார்த்தேளா?”

“இல்லீங்க ஐயா. கையெழுத்து என்னுதுதான். நான் போய்ப் பாக்கலை.”

என் விரல்கள் நின்றுவிட்டன. அந்த வருஷம் பதவி உயர்வுப் பட்டியலில் அப்பாவின் பெயர் இருந்தது. ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் பாக்கி. அம்மா உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். ரிப்போர்ட்டர் சார் அடுத்த கேள்விக்குப் போனார். “கையெழுத்து என்னுடையதுதான்” என்று மட்டும் அடித்தேன். முன்னால் இருந்ததையும் பின்னால் இருந்ததையும் விட்டுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து அதுவரை ஓர் எழுத்தைக்கூட நான் விட்டதில்லை. அதனால் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை.

பிரதி எங்கள் வீட்டுக்கே திருத்தத்துக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு அப்பா படித்தார். நான் சமையலறையில் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு தலையைத் திருப்பி என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் ஓடிப்போய்க் காலில் விழுந்திருப்பேன். கோபம் இல்லை. பேனா கேட்டார், கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓரத்தில் ஏதோ எழுதி, உறையில் போட்டு ஒட்டினார். திங்கட்கிழமை அந்த உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனவள் நான்தான்.

அலுவலகத்தில் ரிப்போர்ட்டர் சார் பிரித்தார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று நானும் படித்தேன். குண்டு குண்டான எழுத்து: “இந்த இடத்தில் நான் போய்ப் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். அப்போது என் குரல் தாழ்ந்திருந்ததால் பதிவாகாமல் போயிருக்கலாம். தயவுசெய்து சேர்த்துக்கொள்ளவும்.”

கோயிலில் அவர் பாடினால் கடலில் கட்டுமரத்தில் இருக்கிறவனுக்குக் கேட்கும். அவருக்கா குரல் தாழ்ந்தது? வரி விடுபட்டிருக்கிறது என்று எழுதியிருந்தால் நோட்டை எடுத்து ஒப்பிட்டிருப்பார்கள், அன்றோடு என் வேலை போயிருக்கும். பேசாமல் விட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார். அவர் இரண்டையும் செய்யவில்லை. ‘போய்ப் பார்த்தாயா’ என்றால் ‘கையெழுத்து என்னுடையது’ என்கிறவன், கேள்வியைத் தாண்டிக் குதிக்கிற ஆள். காப்பாற்றுகிறேன் என்று நான் அப்பாவை அப்படிப்பட்ட ஆளாக ஆக்கியிருந்தேன் என்பது அந்த மூன்று வரியைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ரிப்போர்ட்டர் சார் தன் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிரிக்கவில்லை. “என் நோட்டுல அந்த வரி இருக்கும்மா” என்றார். “ஆனா குரல் தாழ்ந்துதுன்னு அவரே எழுதிட்டாரு. இல்லேன்னு சொல்ல நான் யாரு?” திருத்தத்தை ஏற்றுக்கொண்டு முத்திரை வைத்தார். தனக்கு எதிராகவே எழுதுகிறவனைச் சரிபார்க்க எங்கள் அலுவலகத்தில் விதி எதுவும் இருக்கவில்லை.

கமிட்டியின் அறிக்கையில் அப்பாவுக்கு ஒரு பத்தி கிடைத்தது. பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. அம்மா இரண்டு மாதம் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. மழைக்கு முன்னால் வடக்கு முனையில் மூன்றாவது குழாய் வந்தது. வேலை நடந்த நாளெல்லாம் அப்பா அலுவலகத்திலிருந்து நேரே குப்பத்துக்குப் போய், கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். முதல் தண்ணீரை ஒரு கை பிடித்துக் குடித்துவிட்டு, உப்பில்லை என்று அவர் சொன்னது எங்கள் தெருவரைக்கும் கேட்டிருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை மீன்காரி விடிந்ததும் வந்து நின்றாள். இவ்வளவு சீக்கிரம் ஏன் வந்தாய், குழம்புக்கு இன்னும் அரைக்கவில்லை என்று அம்மா அதற்கும் சண்டை பிடித்தாள். அப்பா காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

என்னிடம் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான்தான் எத்தனையோ தடவை வாய்வரைக்கும் வந்ததை விழுங்கியிருக்கிறேன். அவர் கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது மெல்ல ஆரம்பித்தேன். சட்டசபை ஆபீசில் அந்தப் பிரதி இருக்கிறதே அப்பா என்றேன். அப்போது அவருக்கு நிஜமாகவே குரல் தாழ்ந்துவிட்டிருந்தது; காதைக் கிட்டத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

“டைப்பு ரொம்ப சுத்தமா இருந்துச்சு பாப்பா” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை லாரிக்காகக் குடத்தோடு நின்றிருந்த ஒரு பெண் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னா ஆயா, வாரா வாரம் அத்த வந்து தொட்டுப் பாக்குற? அதுல தண்ணியே வராது” என்றாள்.

“தண்ணிக்கு இல்லம்மா” என்றேன். “இருக்குதான்னு நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”