முதலைக் காரின் இரண்டாம் கியர்

நல்ல காரியத்துக்காகத்தான் அந்தப் பழைய காரை அவ்வளவு தூரம் ஓட்டினேன் என்று மேடையில் பேசிவிட்டேன். சால்வையும் போட்டார்கள். இங்கேயாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் முகத்தில் கரியைப் பூசத்தான் ஓட்டினேன். தீக்காயப் பிரிவுக்குப் படுக்கைகள் கிடைத்ததெல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த புண்ணியம்.

எங்கள் ஊர் பசுவந்தனைக்குப் பக்கம். கண்ணுக்கு எட்டிய வரை கரிசல் காடு, மழை பெய்தால் உளுந்தும் கம்பும், பெய்யாவிட்டால் வெடிப்பு. அந்த ஊரில் என் அப்பா ஒரு கார் வாங்கினார். தூத்துக்குடியில் ஒரு டாக்டர் ஓட்டிச் சலித்த கார். இரண்டே கதவு. என்ஜினைப் பார்க்க வேண்டுமென்றால் மூக்கு, விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுதும் அப்படியே முன்னால் கவிழும். வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் அதை ஊரில் முதலைக் கார் என்றார்கள். அந்த ஜில்லாவிலேயே அப்படி ஒன்று வேறு கிடையாது என்று அப்பா சொல்வார். சொன்னதை யாரும் சரிபார்க்கவில்லை.

எங்கள் வீட்டுப் பெண்கள் கல்யாணமாகிப் போவது அந்தக் காரில்தான். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அண்ணன் ஓட்டுவான். இரண்டு கதவு என்பதால் முன்சீட்டை மடக்கி, பட்டுச்சேலை கசங்காமல் பெண்ணைப் பின்சீட்டுக்குள் திணிக்க வேண்டும். அந்தத் திணிப்பில் ஒரே சிரிப்பாக இருக்கும், அழுதுகொண்டிருக்கிற பெண்ணும் சிரித்துவிடுவாள். என் அக்காமார் இரண்டு பேர், சித்தப்பா மகள்கள் இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள். ஐந்தாவது நான்.

நான் கோவில்பட்டியில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். அங்கே லேபில் வேலை பார்த்தவரை நானே பார்த்து முடிவு செய்துகொண்டேன். அவர் வேறு சாதி. அப்பா பேசுவதை நிறுத்திக்கொண்டார். அண்ணன் பேசினான்.

"ஏட்டி, இந்தக் கார்ல ஒங் காலு படக் கூடாது. பட்டுச்சுன்னா காரைக் கொளுத்திருவேன், பாத்துக்க."

ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு ஒரு பெட்டியோடு பஸ் ஏறினேன். கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சேலை, நானே எடுத்தது. அப்போது ரோட்டில் பாதி மண். பசுவந்தனை தாண்டியதும் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. நம்ம வண்டிச் சத்தம் நமக்குத் தெரியாதா? முதலைக் கார் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. ஓட்டியது அண்ணன். பின்சீட்டில் யாருமில்லை. என் பக்கத்து ஜன்னலுக்கு நேராக வந்தபோது ஹாரனை அமுக்கியவன் எடுக்கவே இல்லை. கரிசல் புழுதி பஸ்ஸுக்குள் குபுகுபுவென்று வந்து எல்லோரும் இருமினார்கள். டிரைவர் அவன் வம்சத்தையே திட்டினார். அந்தத் திட்டில் நானும் சேர்த்தி என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் மாலையோடு நின்றவர், "என்ன இப்படி வந்திருக்க?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் வழியனுப்பினான்" என்றேன்.

முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அப்பா போய்ச் சேர்ந்தார். அண்ணன் பஞ்சாயத்துத் தலைவராக இருந்து ஓய்ந்தான். நான் கார் ஓட்டப் படித்தேன், தீக்காய வார்டில் பாதி வாழ்க்கையைக் கழித்தேன், ஓய்வு பெற்றேன். வயதானால் கோபம் குறையும் என்கிறார்கள். எனக்கு முட்டி வலிதான் கூடியது, கோபம் குறையவில்லை.

அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, எனக்கு ரகசியமாகப் போன் செய்கிறவள். ஒருநாள் அப்படிச் செய்தபோது, "ஒங்க அண்ணன் அந்தக் காரை எடைக்குப் போடப் போறாவ. கோவில்பட்டி இரும்புக் கடைக்காரன் வந்து பாத்துட்டுப் போயிட்டான்" என்றாள். அன்று சாயங்காலமே எட்டயபுரம் ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருந்த மெக்கானிக்கைப் பிடித்தேன். கார் இரும்புக் கடைக்கு வந்து இறங்கிய அடுத்த மணி நேரத்தில் அவர் அதை என் பேரில் வாங்கிவிட்டார். அண்ணனுக்கு விஷயம் தெரியாது.

வாங்கி என்ன செய்வது என்பதும் அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. பழைய கார் வைத்திருக்கிறவர்கள் சிலர் கூடி, தீக்காய வார்டுக்கு நல்ல படுக்கைகள் வாங்குவதற்காக ஊர் ஊராக நின்று வசூல் செய்துகொண்டே மதுரை, சேலம், பெங்களூர், மைசூர் போய் சத்தியமங்கலம் வழியாகத் திரும்புவதாக ஒரு பயணம் ஏற்பாடு செய்திருந்தார்கள். புறப்பாடு கோவில்பட்டியில். அதில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். காருக்கு அப்போது நான்கு சக்கரமும் சுற்றாது.

அண்ணன் வீட்டில் காரை ஒரு கொட்டகையில் போட்டிருந்திருக்கிறார்கள். கம்பு மூட்டைகளை அடுக்கப் பின்சீட்டு வசதியாக இருந்திருக்கிறது. உள்ளே எலி குடும்பம் நடத்தி, எலியைத் தேடிப் பாம்பு வந்து, சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. வெயிலில் கொட்டகைத் தரை வெடித்து, ஒரு பின்சக்கரம் அந்த வெடிப்புக்குள் இறங்கி வருஷக்கணக்கில் அப்படியே நின்றதில் ஸ்பிரிங் பட்டை கோணிப்போயிருந்தது.

ஆறு மாதம் அந்த ஒர்க் ஷாப்பிலேயே கிடந்தேன். கழற்றிய திருகாணிகளை மாத்திரைக் கவர்களில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதி வைத்தேன். கார்புரேட்டரின் ஊசித் துளைகளை சிரிஞ்சில் பெட்ரோல் ஏற்றி நானே கழுவினேன். பிரேக் குழாய்கள், ரேடியேட்டர், ஒயரிங், ரப்பர் என்று எல்லாம் புதிது. கிடைக்காத சாமானை மெக்கானிக் வேறு வண்டிச் சாமானிலிருந்து அராவிச் செய்தார்.

"கியர் பாக்ஸை மட்டும் எறக்கிப் பிரிச்சுப் பாத்துருவமாக்கா?" என்று ஒருமுறை கேட்டார். "ஒரு மாசம் ஆவும்."

"நல்லாத்தான விழுது? வேண்டாம்" என்றேன். எனக்கு ஒரு மாதம் பொறுக்காது. அண்ணன் வீட்டு முன்னால் ஓட்ட வேண்டும், அதுவும் சீக்கிரம்.

கத்திரிப்பூ நிறத்தில் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். பெயின்டர் தயங்கினார், கார்க்காரர்கள் யாரும் அந்த நிறம் கேட்பதில்லையாம். எங்கள் காட்டில் ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே மறைப்பே கிடையாது. அரை மைலுக்கு அப்பால் வரும்போதே யார் வருகிறாள் என்று தெரிய வேண்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை, அடித்துக் கொடுத்துவிட்டார்.

சோதனை ஓட்டம் என்று சொல்லிக்கொண்டு பசுவந்தனை, கடம்பூர் என்று சுற்றினோம். கடம்பூரில் போளி வாங்கிக்கொள்வோம். மெக்கானிக் பிரேக் பார்த்தார், சூடு பார்த்தார், நூறு கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டிப் பார்த்தார். எல்லாம் சரி என்றார். நாங்கள் இரண்டு பேரும் தட்டைத் தரையில் பிறந்தவர்கள். இங்கே இறக்கம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான். மலை இறக்கத்தில் ஒரு வண்டி என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும் என்பது இருவர் புத்தியிலும் படவில்லை.

அண்ணன் வீட்டு முன்னால் களம். களத்து ஓரம் வேப்பமரம், அதன் கீழ் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பரோடு அண்ணன். அந்தக் களத்தைச் சுற்றி மூன்று நாள் மூன்று முறை ஓட்டினேன், ஹாரனை அமுக்கிக்கொண்டே. புழுதி கிளம்பி வேப்பமரமே மங்கியது. மதினி வாசலுக்கு ஓடிவந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அண்ணன் காப்பி டம்ளரைப் பேப்பரால் மூடினான். அவ்வளவுதான். தலையை நிமிர்த்தவில்லை.

அவனைப் பார்க்க வைக்க ஒரே வழிதான் இருந்தது. கொடி, சால்வை, மைக் மூன்றும் இருக்கிற இடத்துக்கு அண்ணன் எப்படியும் வந்துவிடுவான். பயண ஏற்பாட்டாளரிடம் போய், "கொடி அசைக்க இந்தப் பக்கத்துல அவியள விட்டா வேற ஆளு கெடையாது" என்று அவன் பெயரைச் சொன்னேன். உறவு என்று சொல்லவில்லை. அவனும் யார் யார் வருகிறார்கள் என்று கேட்காமல் ஒத்துக்கொண்டான்.

அவன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு ஒரு வசனம் முப்பது வருஷமாகத் தயாராக இருந்தது. காருக்குள்ளிருந்து ஒரு தீப்பெட்டியை நீட்டி, "எங் காலு பட்டுருச்சு, கொளுத்து" என்று சொல்ல வேண்டும். ஊர் முழுக்கத் தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் இருக்கிற கோவில்பட்டியில் நல்லதாக ஒரு பெட்டி பார்த்து வாங்கி, டேஷ்போர்டில் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "பீடி குடிக்கப் போறியா?" என்றார்.

புறப்படும் நாள் காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் பதினெட்டு கார்கள் வரிசையாக நின்றன. நான் ஒன்பதாவது. முன்னால் போன எட்டுக்கும் அண்ணன் சிரித்துச் சிரித்துக் கொடி அசைத்தான். "அடுத்து வருபவர், ஓய்வுபெற்ற செவிலியர்" என்று மைக்கில் சொன்னார்கள். நான் காரை அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். தூக்கிய கொடி அப்படியே நின்றது.

"அண்ணாச்சி, அசைங்க" என்றார் ஏற்பாட்டாளர்.

அண்ணன் அசைக்கவில்லை. கொடியைக் கையில் பிடித்தபடி காரைச் சுற்றிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தான். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. என் கை தீப்பெட்டிக்குப் போனது. அவன் குனிந்து, என்னைப் பார்க்காமல், கியர் கம்பியைப் பார்த்தான்.

"எறக்கத்துல ரெண்டாம் கியரு தானா நழுவி வந்துரும். கம்பியக் கையால அமுக்கிப் புடிச்சுக்க, விட்டுராத. அப்பாவக் கொடைக்கானல் கூட்டிட்டுப் போனப்ப, எறங்கையில செத்துப் பொழச்சேன்."

முப்பது வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு. தீப்பெட்டியை எடுக்காமலே கையை இழுத்துக்கொண்டேன். ஆத்திரமாக வந்தது. எனக்குத் தெரியாத ஒன்று என் காரைப் பற்றி இவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"அதெல்லாம் மாத்தியாச்சு" என்றேன்.

பச்சைப் பொய். அவன் தலையை ஆட்டினான். முன்னால் போய் நின்று கொடியை அசைத்தான். நான் கிளம்பினேன்.

மதுரை தாண்டும் வரை என் வீட்டுக்காரர் கியர் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "கியரு எப்ப மாத்துன?" என்றார். ரோட்டைப் பாருங்கள் என்றேன். ரோட்டைப் பார்க்க வேண்டியவள் நான்.

எல்லா ஊரிலும் கார் ஜோராக ஓடியது. முன்பக்கத்தைக் கவிழ்த்துத் திறந்து காட்டினாலே கூட்டம் கூடும், உண்டியல் நிறையும். வேறு கார்கள் ரோட்டோரம் புகைந்துகொண்டு நிற்க, முதலைக் கார் பெங்களூர் பார்த்தது, மைசூர் பார்த்தது. திரும்பும் வழியில் திம்பம் வந்தது. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு, அத்தனையும் இறக்கம்.

முதல் வளைவில் இரண்டாம் கியரைப் போட்டு, அண்ணன் சொன்னதுபோல் ஒருபோதும் செய்யமாட்டேன் என்று கையை எடுத்தேன். ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்த உடனே டக்கென்று கம்பி கழன்று வந்துவிட்டது. பிடிமானம் போன வண்டி குதித்துக்கொண்டு ஓடியது. எதிரே ஒரு பஸ். பிரேக்கை மிதித்து, என்னென்னவோ செய்து, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆளை நானே கொன்றிருப்பேன், அதுவும் எதற்கு, ஒரு வீம்புக்கு.

மீதி இருபத்தாறு வளைவுக்கும் கம்பியை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். வளைவுகளில் கை போதாமல் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். கம்பி நடுங்குவது முழங்கை வரை ஏறியது. கீழே பண்ணாரியில் வண்டியை நிறுத்தியபோது உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்திருந்தது.

"ஒங்க அண்ணனுக்கு ஒரு போன் போடு" என்றார்.

"முடியாது" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் முடியாது.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் மதினியே போன் செய்தாள். சுகம் எல்லாம் விசாரித்துவிட்டு இழுத்தாள்.

"எறக்கத்துல கியரு நழுவாம நின்னுச்சா? சும்மா நாந்தான் கேக்கேன்."

மதினிக்குக் கியர் என்றால் என்னவென்றே தெரியாது. பின்னால் அண்ணன் இருமுவது கேட்டது. நீ சொன்னதால்தான் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம் என்று நாக்கு நுனி வரை வந்தது. பஸ்ஸில் நான் இருமியதும் நினைவுக்கு வந்தது.

"நாங்க போன பக்கம் எறக்கமே இல்லன்னு சொல்லுங்க மதினி" என்றேன்.

மதினி அங்கே திரும்பி அதை அப்படியே சொன்னாள். பிறகு அண்ணன் குரல் தெளிவாகக் கேட்டது.

"வந்து சேந்துட்டாள்லா, அது போதும். போன வையி."

அன்றைக்கு ஜெயித்தது நானில்லை. அதற்காகவும் அவனை மன்னிக்க மாட்டேன்.